குறைந்த செலவில் வெப்பக் கேமரா: 768 புள்ளிகளை வைத்து எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது

வெப்பக் கேமரா ஏன் விலை அதிகம் என்பதற்கு முதல் பதில் லென்ஸ். அறை வெப்பநிலையில் உள்ள பொருள்கள் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் உச்சத்தை எட்டுவது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்துக்குள். சாதாரணக் கண்ணாடி அதை உள்ளே விடாது. எனவே ஜெர்மானியம், சிலிக்கான் போன்ற பொருள்களில் லென்ஸ் கடைய வேண்டும். அதற்குப் பின்னால் வெற்றிடத்தில் அடைத்த நுண்ணிய உணர்விகள், அவற்றை அவ்வப்போது சமன்படுத்தும் ஷட்டர். தீயணைப்பு வீரர் கையில் பிடிக்கும் கேமராவென்றால், இதற்கும் மேலே வெப்பம், தண்ணீர், கீழே விழும் அடி எல்லாம் தாங்கும் உறை. அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ தன் தரநிலையில் கேட்பது இந்த உறுதியைத்தான். விலையில் ஒரு பங்கு அதற்கும் போகிறது.

குறைந்த செலவில் செய்வதென்றால் இவற்றில் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை விடுகிறோம் என்று தெரிந்து விட்டால் கேமரா உருப்படியாக உழைக்கும். இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொண்டிருப்பது மெலெக்ஸிஸ் நிறுவனத்தின் எம்எல்எக்ஸ்90640 சென்சாரும் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகையும். கையில் தூக்கித் திரிவதற்கும் ஆகும். ஆனால் இந்தச் சென்சாருக்குச் சரியான இடம் ஓரிடத்தில் மாட்டி இரவும் பகலும் காவல் வைப்பதுதான் என்பது எங்கள் கணிப்பு. ஏன் என்பது கீழே வரும் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

90640-இல் 32 × 24, மொத்தம் 768 புள்ளிகள். பார்வைக் கோணம் இரண்டு வகை: 55 × 35 டிகிரி, 110 × 75 டிகிரி. 55 டிகிரி வகையை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தால் அது பார்க்கும் அகலம் 104 செ.மீ. அதை 32-ஆல் வகுத்தால், ஒரு புள்ளி 3.25 செ.மீ. அகலப் பரப்பின் வெப்பத்தைச் சராசரி போட்டுச் சொல்கிறது. மூன்று மீட்டரில் அது ஏறத்தாழ 10 செ.மீ. ஐந்து மீட்டரில் 16 செ.மீ.; அங்கே நிற்கும் ஆளின் தோள் அகலம் மூன்று புள்ளி. பத்து மீட்டரில் ஒன்றரைப் புள்ளி. ஆள் இருக்கிறாரா என்பதையே ஊகிக்கத்தான் முடியும்.

இந்தச் சராசரிதான் புதிதாகப் பயன்படுத்துவோரை ஏமாற்றுவது. 90 டிகிரிக்குக் கொதிக்கும் ஒரு டெர்மினல் திருகு, ஒரு புள்ளியின் கால்வாசியை மட்டும் அடைக்கிறது; மீதி முக்கால்வாசி 40 டிகிரி பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வருவது 55 டிகிரிக்குப் பக்கம். பார்த்தவர் ‘லேசான சூடு’ என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். எண்ணை நம்ப வேண்டுமானால் அளக்கும் பொருள் குறைந்தது 3 × 3 புள்ளிகளை அடைக்க வேண்டும். ஒற்றை போல் எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) ஒன்றின் அகலம் சுமார் 18 மி.மீ. 30 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி ஒரு செ.மீ. என்பதால், அது இரண்டு புள்ளிகூட நிரப்பாது. அந்தத் தூரத்தில் எந்த எம்சிபி சூடு என்று கண்டுபிடிக்கலாம். எத்தனை டிகிரி என்று சத்தியம் செய்ய முடியாது.

எந்தச் சென்சார்

பானசோனிக்கின் ஏஎம்ஜி8833 இதைவிட மலிவு. 8 × 8 புள்ளிகள், 0 முதல் 80 டிகிரி வரை. அறையில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க மட்டும் போதும். தீ, மின்பலகை வேலைக்கு வேண்டாம்.

90640 மைனஸ் 40 முதல் 300 டிகிரி வரை அளக்கும். ஷட்டர் கிடையாது, வெற்றிட உறை கிடையாது; வெப்பத்தைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் தெர்மோபைல் வகை. அடாஃப்ரூட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பலகையாக வாங்கினால் சுமார் 75 டாலர். நம் ஊருக்கு வரும்போது வரியும் அனுப்பும் செலவும் சேரும்.

ஃப்ளிர் லெப்டான் 3.5 அடுத்த படி. 160 × 120 புள்ளிகள், 57 டிகிரி பார்வை. ஒரு மீட்டரில் ஒரு புள்ளி 7 மி.மீ.க்கும் குறைவு. விலை 90640-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். ப்யூர்தெர்மல் பலகையில் செருகினால் யுஎஸ்பி வெப்கேம் போலவே கணினியில் தெரியும். நொடிக்கு 8.7 படம்தான் தரும். இது தொழில்நுட்பக் குறை இல்லை: நொடிக்கு 9 படத்துக்கு மேல் தரும் வெப்பக் கேமராக்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கடுமை, அதனால் மலிவுக் கேமராக்கள் பல அதற்குக் கீழேயே நின்றுகொள்கின்றன. லெப்டான் சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஷட்டரை மூடித் திறக்கும். அப்போது படம் கணநேரம் உறையும். பழுது என்று பயந்து திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்: கையில் பிடித்துப் பார்க்க ஒரே ஒரு கேமரா போதும் என்பவர், செல்போனில் செருகும் 256 × 192 புள்ளி மாடல் ஒன்றை வாங்கிக்கொள்வதே மேல். நீங்களே செய்வது எதையும்விடத் துல்லியமான படம் கிடைக்கும். ஒரே மின்பலகையை ஆண்டு முழுக்கக் கண்காணிக்க, ஐந்தாறு இடங்களில் மாட்ட, அலாரத்தை நம் விருப்பப்படி அடிக்கச் செய்ய என்று வரும்போதுதான் 90640 ஜெயிக்கும். போனை மின்பலகைக்குள் ஒட்டிவிட்டு வர முடியாதே.

சாமான்கள்

- எம்எல்எக்ஸ்90640 பலகை 1. கையில் பிடிக்க 55 டிகிரி வகை (பெயர் ‘பிஏபி’ என்று முடியும்). மின்பலகைக்குள் நெருக்கமாக மாட்ட 110 டிகிரி வகை (‘பிஏஏ’).
- ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ 1, ஒயர் செருகும் ஊசிகள் (பின்கள்) பற்றவைத்தது.
- 16 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு.
- 2.4 அல்லது 2.8 அங்குல எஸ்பிஐ திரை, ஐஎல்ஐ9341 சிப் உள்ளது, 320 × 240.
- அழுத்து பொத்தான் 1, பஸ்ஸர் 1 (3.3 வோல்ட்டில் இயங்கும் ஆக்டிவ் வகை).
- 5 வோல்ட் பவர் பேங்க். சுவரில் மாட்டுவதானால் 5 வோல்ட் 2.5 ஆம்பியர் அடாப்டர்.
- எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ், 4 × 4 அங்குலம். சென்சார் ஒயர் 15 செ.மீ.க்கு மிகாமல்.
- கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுருள். இதை ஒயரில் சுற்றுவதற்காகக் கேட்கவில்லை. ஏன் என்பது பின்னால்.

ஒயர் இணைப்பு

ராஸ்பெர்ரி பையின் (இனி ‘பை’) பின்களை வரிசை எண்ணால் குறிக்கிறோம். சென்சாரின் மின்சாரம் பின் 1-க்கு (3.3 வோல்ட்), கிரவுண்ட் பின் 6-க்கு, எஸ்டிஏ (தரவு ஒயர்) பின் 3-க்கு, எஸ்சிஎல் (கிளாக் ஒயர்) பின் 5-க்கு. வெறும் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது கெடலாம்.

திரைக்கு: மின்சாரமும் பின்விளக்கும் பின் 17, கிரவுண்ட் பின் 20, மோசி பின் 19, கிளாக் பின் 23, டிசி பின் 22, ரீசெட் பின் 18. சிப் செலக்ட் ஒயரை வழக்கமான பின் 24-இல் போடாமல் பின் 29-இல் போடுங்கள். புதிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்-இல் பின் 24-ஐ ஓஎஸ்-இன் உட்கருவான கெர்னலே எடுத்துக்கொள்கிறது. பைத்தான் நிரல் அதைக் கேட்டால் ‘பின் உபயோகத்தில் உள்ளது’ என்று பிழை தந்து நின்றுவிடும். பொத்தான் பின் 11-க்கும் 9-க்கும் இடையில். பஸ்ஸர் பின் 13-இல், ஒரு டிரான்சிஸ்டர் வழியாக. நேரடியாகப் பின்னில் மாட்டினால் அது இழுக்கும் மின்னோட்டத்தில் பின் கெடலாம்.

மென்பொருள்

ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட்டை கார்டில் எழுதுங்கள். உள்ளே போனதும் ராஸ்பி-கான்ஃபிக் பட்டியலில் ஐ2சி (சென்சார் பேசும் வழி), எஸ்பிஐ (திரை பேசும் வழி) இரண்டையும் இயக்குங்கள். ஐ2சி-டிடெக்ட் கட்டளை கொடுத்தால் அட்டவணையில் 33 என்ற முகவரி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பத்தில் ஒன்பது தடவை எஸ்டிஏ, எஸ்சிஎல் மாறியிருக்கும் அல்லது பின் வரிசையின் பற்றவைப்பு பிடிக்காமல் இருக்கும்.

அடுத்தது வேகம், இதில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். சென்சாரிலிருந்து ஒரு தடவை படிக்க 832 சொற்கள், அதாவது 1,664 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் 9 கிளாக் துடிப்பு என்று வைத்தால் ஏறத்தாழ 15,000 துடிப்பு. பையின் இயல்பான ஐ2சி வேகம் 100 கிலோஹெர்ட்ஸ். அதில் ஒரு வாசிப்புக்கே 0.15 வினாடி பிடிக்கும். நொடிக்கு ஆறுக்கு மேல் முடியாது. அப்படி இருக்க, சென்சாரை 8 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால், படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து மேலே எழுதிவிடும். நூலகம் மறுபடி மறுபடி முயன்று, ‘பல முறை முயன்றாயிற்று’ என்று கைவிடும். கான்ஃபிக் கோப்பில் ஐ2சி பாட் விகிதத்தை 4,00,000 ஆக்குங்கள். ஒரு வாசிப்பு 37 மில்லி வினாடியாகக் குறையும். சென்சார் 10 லட்சம் வரை தாங்கும். ஒயர் நீளமானால் சிக்னல் தேய்ந்துவிடும் என்பதால் 4 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பைத்தானுக்குத் தனி விர்ச்சுவல் சூழல் உருவாக்கி, அதற்குள் அடாஃப்ரூட்டின் எம்எல்எக்ஸ்90640 நூலகம், ஆர்ஜிபி டிஸ்ப்ளே நூலகம், நம்பை, பில்லோ நான்கையும் நிறுவுங்கள். சூழல் இல்லாமல் நேரே பிப் (நூலகம் நிறுவும் கட்டளை) போட்டால் இப்போதைய ஓஎஸ் மறுத்துவிடும்.

நிரல் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னால்:

1. சென்சாரை 8 ஹெர்ட்ஸில் வையுங்கள். 90640 சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களை ஒரு தடவையும் வெள்ளைக் கட்டங்களை அடுத்த தடவையும் தருகிறது. எனவே 8 ஹெர்ட்ஸ் என்றால் முழுப்படம் நொடிக்கு 4. வரிசை விட்டு வரிசை தரும் இன்டர்லீவ் முறைக்கு மாற்றாதீர்கள். தொழிற்சாலையில் அளவு சரிபார்த்திருப்பது சதுரங்க முறைக்கே.
2. 768 எண்களையும் 24 வரிசையாக மடித்து, இடவலம் திருப்புங்கள். திருப்பாவிட்டால் கையை வலப்பக்கம் ஆட்டினால் படத்தில் இடப்பக்கம் ஆடும்.
3. மதிப்பில்லாத புள்ளி இருந்தால் அண்டை நான்கின் சராசரியால் நிரப்புங்கள். புதுச் சென்சாரிலேயே நான்கு வரை பழுதுப் புள்ளி இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லித்தான் விற்கிறார்.
4. அதிகபட்ச வெப்பத்தையும் அது எந்தப் புள்ளி என்பதையும் இந்த இடத்திலேயே எடுத்துவையுங்கள். படத்தைப் பெரிதாக்கிய பிறகு எடுத்தால், பைகியூபிக் கணக்கு (அண்டைப் புள்ளிகளை வைத்து இடைமதிப்பை நிரப்பும் முறை) கற்பித்துக்கொண்ட சூட்டை நீங்கள் உண்மை என்று எழுதுவீர்கள்.
5. பிறகு பைகியூபிக் முறையில் பத்து மடங்கு பெரிதாக்கினால் 320 × 240. திரைக்கு அச்சாகப் பொருந்தும். பெரிதாக்குவதால் பார்க்க அழகு கூடுமே தவிர விவரம் ஒரு துளியும் கூடாது.
6. நிறம் தீட்டி, சூடான புள்ளியில் ஒரு கட்டம் போட்டு, மேலே எண்ணை எழுதுங்கள்.

நிற அளவுகோலைத் தானாக மாறவிடுவது அடுத்த பொறி. 31 முதல் 32 டிகிரி வரை உள்ள வெறும் சுவரைக் காட்டினால்கூட, தானியங்கி அளவுகோல் அதை நீலம் முதல் சிவப்பு வரை இழுத்து நெருப்பு மாதிரி காட்டும். குறைந்தபட்ச இடைவெளி 10 டிகிரி என்று கட்டிப்போடுங்கள். தீ வேலைக்கு 20–150 என்று நிலையான அளவுகோலைப் பொத்தானில் வையுங்கள்.

வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசை வரும். நொடிக்கு ஒரு வாசிப்பில் சென்சாரின் இரைச்சல் 0.1 டிகிரி அளவில் இருக்கும். வேகம் கூடக் கூட அதன் வர்க்கமூலத்தை ஒட்டி இரைச்சலும் ஏறும். ஓரிடத்தில் மாட்டும் கேமராவுக்கு 2 ஹெர்ட்ஸ் தாராளம்.

எவர்சில்வர் டம்ளர் பரீட்சை

பெட்டியில் அடைக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் கொதிநீர் ஊற்றி, கேமராவைப் பக்கவாட்டில் காட்டுங்கள். கை வைத்தால் சுடும் டம்ளர், திரையில் அறை வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவது குறைவு. கண்ணாடி மாதிரி எதிரில் உள்ளதன் வெப்பத்தைப் பிரதிபலிக்கும். உற்றுப் பார்த்தால் டம்ளரில் உங்கள் கை நிழலாடுவதுகூடத் தெரியும். இப்போது டம்ளரின் பக்கத்தில் கறுப்பு டேப்பை 3 செ.மீ. சதுரமாக ஒட்டி அரை நிமிடம் பொறுங்கள். டேப் மட்டும் பளிச்சென்று எரியும். அது காட்டுவதுதான் டம்ளரின் வெப்பம். அடுப்புக்கரி பிடித்த பாத்திரத்தின் அடிப்பாகமும் இப்படியே உண்மை சொல்லும்.

வெளிவிடும் திறன் எனப்படும் இந்த எண் தோலுக்கு 0.98, இன்சுலேஷன் டேப்புக்கு 0.95, செங்கல், காரை, மரம், பெயின்ட் அடித்த இரும்பு எல்லாம் 0.9-ஐ ஒட்டி. பளபளக்கும் செம்பு, அலுமினியம் 0.05 அளவுதான். அடாஃப்ரூட் நூலகம் எல்லாவற்றையும் 0.95 என்றே எடுத்துக்கொள்கிறது. செம்புக்காக அந்த எண்ணை 0.05 ஆக்கினால் சரியாகிவிடாது. சின்னப் பிழையும் இருபது மடங்கு பெருகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு பஸ்பாரில் (மின்சாரத்தைப் பங்கிடும் உலோகப் பட்டை) டேப் ஒட்டி, பிறகு லோடு கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. டேப் வாங்கச் சொன்னது இதற்காக.

எண் சரிபார்க்க இரண்டு இடம் போதும். ஐஸைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிய கூழ் 0 டிகிரி. அதை நேராகப் பாருங்கள். அடுத்து, டேப் ஒட்டிய பாத்திரத்தில் 60 டிகிரி வெந்நீர், உள்ளே தெர்மாமீட்டர். மேலிருந்து பார்க்க வேண்டாம். ஆவி லென்ஸில் படிந்துவிடும். உதாரணமாக, கேமரா முதலில் 1.8-உம் இரண்டாவதில் 57.5-உம் காட்டினால், சரியான வெப்பம் = (காட்டியது − 1.8) × 1.077. மின்சாரம் கொடுத்த உடனே இதைச் செய்யாதீர்கள். சென்சார் நிலைபெற நான்கைந்து நிமிடம் ஆகும். அதற்குள் எடுத்த எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

பெட்டி

சென்சாரின் மூக்கு வெளியே தெரிய 9 அல்லது 10 மி.மீ. துளை போடுங்கள். அதன் மேல் கண்ணாடியோ அக்ரிலிக்கோ மூடாதீர்கள். மூடினால் அந்த மூடியின் வெப்பத்தைத்தான் அளப்பீர்கள். தூசிக்குப் பயந்தால், உபயோகிக்காதபோது ஒரு ரப்பர் மூடி.

பை பலகை சூடாகும். அதன் மேலேயே சென்சாரை அடுக்கினால், நூலகம் சென்சாரின் வெப்பத்திலிருந்து 8 டிகிரி கழித்து ‘சுற்றுப்புறம் இதுதான்’ என்று எடுத்துக்கொள்வது தப்பாகிவிடும். சென்சார் ஒரு மூலை, பை மறு மூலை, நடுவே தெர்மாகோல் தடுப்பு, பையின் பக்கம் காற்றுத் துளை. திடீர் மின்வெட்டில் எஸ்டி கார்டு கெடாமல் இருக்க, எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியபின் ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கிவிடுங்கள். அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது; பதிவேடு வேண்டுமானால் வைஃபை வழியே வேறு கணினிக்கு அனுப்புங்கள்.

மின்பலகைக் காவல்

இந்தக் கேமராவுக்குக் கிடைக்கும் சிறந்த வேலை இது. 110 டிகிரி வகையைப் பலகையின் கதவு உட்புறத்தில் 20 செ.மீ. இடைவெளியில் பொருத்தினால், சுமார் 57 × 30 செ.மீ. பரப்பு கண்ணில் படும். நடுவில் ஒரு புள்ளி 1.2 செ.மீ. கதவுக்கு வெளியே மாட்டிப் பயனில்லை. பொருத்துவதை உரிமம் பெற்ற மின்பணியாளர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் செய்ய வேண்டும். ஓடும் பலகைக்குள் டிரில்லோடு தலையை நீட்டுவது கூடவே கூடாது.

மூன்று ஃபேஸ் பலகை என்றால் ஆர், ஒய், பி மூன்றுக்கும் படத்தில் தனித்தனிக் கட்டம் ஒதுக்குங்கள். தனி எண்ணைவிட வித்தியாசம்தான் பேசும். ஒரே லோடில் ஒரே மாதிரி உறுப்புகளுக்கிடையே 1–3 டிகிரி வித்தியாசம் என்றால் குறை இருக்கலாம்; 4–15 என்றால் குறை இருக்க வாய்ப்பு அதிகம்; 15-க்கு மேல் போனால் உடனே பழுது பார்க்க வேண்டும். மின்சாதனச் சோதனைக்கான நேட்டா அமைப்பின் அட்டவணை வகுப்பது இப்படி. லோடை மறந்துவிடாதீர்கள். தளர்ந்த இணைப்பில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 40 சதவீத லோடில் தெரியும் 5 டிகிரி ஏற்றம், முழு லோடில் ஏறத்தாழ 31 ஆகும். காலை ஆறு மணிக்கு, மிஷின் ஓடாத நேரத்தில் எடுத்த ‘எல்லாம் சரி’ படத்துக்கு மதிப்பில்லை.

அலாரத்துக்கு ஒரே படத்தை நம்பாதீர்கள். தொடர்ந்து பத்து படத்தில் 15 டிகிரி வித்தியாசம் நின்றால் செய்தி, எந்தக் கட்டமாவது 80 டிகிரி தாண்டினால் பஸ்ஸர் என்று வையுங்கள். ஒரு புள்ளி பல பொருளின் சராசரி என்பதால், கேமரா 80 காட்டும்போது திருகு அதைவிடச் சூடாகவே இருக்கும். மூன்று ஃபேஸிலும் லோடு சமமில்லாத வீடுகளில் வித்தியாச விதி சும்மா சும்மா கத்தும். அங்கே ஒரு வாரம் பதிவு எடுத்து, அந்தப் பலகையின் வழக்கத்தைப் பார்த்து எல்லையை வையுங்கள்.

வீட்டில்

பெயின்ட் அடித்த 14.2 கிலோ சிலிண்டரை, அடுப்பு அரைமணி எரிந்த பிறகு பாருங்கள். உள்ளே திரவம் ஆவியாவதால் அது நிற்கும் உயரம் வரை உருளை குளிர்ந்திருக்கும்; வண்ணம் மாறும் கோடுதான் மிச்சமுள்ள கேஸ். கசியும் கேஸ் இந்தக் கேமராவில் தெரியாது. கசிவு வாடை அடிக்கும் இடத்தில் இதை இயக்கவும் கூடாது. பொறி எழாது என்று சான்று பெற்ற கருவி இல்லை இது.

மொட்டைமாடிக் கசிவுக்கு வெயில் தாழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து மாடிமேல் பாருங்கள்: ஈரம் கோத்த இடம் மெதுவாக ஆறுவதால் கொஞ்ச நேரம் சூடாகத் தெரியும். கீழே கூரையின் உட்புறத்தில் அதே இடம் ஆவியாவதால் ஓரிரு டிகிரி குளிர்ந்து தெரியும். செல் சுமார் 15.6 செ.மீ. சதுரமுள்ள சூரியத் தகட்டில் பழுதான செல்லைத் தேடி ஒன்றரை மீட்டருக்குள் நின்றால் மூன்று புள்ளி கிடைக்கும். செங்குத்தாகப் பாருங்கள், சாய்ந்து பார்த்தால் வானத்தின் குளிர்தான் தகட்டில் பிரதிபலிக்கும்.

காய்ச்சல் பார்க்க வேண்டாம். ஒரு டிகிரி பிழை இங்கே சகஜம். காய்ச்சலுக்கும் காய்ச்சல் இல்லாததற்கும் உள்ள தூரமே அவ்வளவுதான்.

தீ விபத்து இடத்தில்

புகை நிறைந்த கட்டடத்துக்குள் இதை எடுத்துச் செல்லக் கூடாது. சென்சாரின் தாங்குதிறன் 85 டிகிரி. பெட்டியும் பேட்டரியும் அதற்கு முன்பே கைவிடும். நொடிக்கு 4 படத்தில் நடந்துகொண்டே பார்த்தால் கதவும் சுவரும் குழம்பிப்போகும். தீயணைப்பு வீரர் கேமராவுக்கு மாற்றாக இதை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உதவும் நேரம் தீ அணைந்த பின். கூரைமறைப்பு, சுவர் இடுக்கு, மரச்சட்டம், பழைய துணிமூட்டை ஆகியவற்றில் மிச்சமிருக்கும் கங்கைத் தேட ஒன்று, இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வினாடி கேமராவை அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் பீய்ச்சிய உடனே பார்த்தால் மேலே ஓடும் நீரின் வெப்பம்தான் தெரியும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், சுற்றியிருப்பதைவிட எந்த இடம் வேகமாக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். பஞ்சுப் பொதி, தேங்காய் நார்க் குவியல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கேமரா மேல்தோலை மட்டும் பார்க்கிறது; பஞ்சு வெப்பத்தை வெளியே விடாது. நடுவில் கங்கு இருந்தும் வெளிப்புறம் மணிக்கணக்கில் சாதாரணமாகத் தெரியலாம். பொதியைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

வெட்டவெளியில் ஆளைத் தேட இரவுதான் சரி. கோடை மதியத்தில் தோல் 34–35 டிகிரி, வெயில் பட்ட சுவர் 50. ஆள் குளிர்ந்த புள்ளியாகத் தெரிவார், அல்லது நிழலில் சுவரோடு சுவராக மறைந்துபோவார்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

படம் முழுக்கச் சதுரங்கக் கட்டமாகத் தெரிந்தால், கேமராவை வேகமாக அசைக்கிறீர்கள் அல்லது மின்சாரத்தில் இரைச்சல். சென்சாரின் மின்பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுப் பாருங்கள். மூலைகள் மட்டும் பொரிப்பொரியாக ஆடினால் அது இயல்பு. ஓரப் புள்ளிகளில் இரைச்சல் கூடுதல், அளவை நடுவில் எடுங்கள்.

பவர் பேங்க் சில நிமிடத்தில் தானாக அணைந்தால், பை இழுக்கும் மின்னோட்டம் போதாமல் ‘போன் சார்ஜ் ஆகிவிட்டது’ என்று அது முடிவு செய்கிறது. குறைமின்னோட்ட முறை உள்ள பவர் பேங்க் வாங்குங்கள். எல்லா எண்ணும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் பெட்டிக்குள் சூடு கூடியிருக்கிறது. எண்கள் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, அழுத்தாமல் ஒரு சுற்றுத் துடையுங்கள். துடைத்த ஐந்து நிமிடம் கழித்து ஐஸ் கூழில் மறுபடி சரிபாருங்கள்.